அலை மோதும் மதில்

"அங்கேயே நில்லுங்க! ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க!"

குரல் எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. கோட்டை மதிலின் மேல் அவளைத் தவிர ஈ, காக்கை இல்லை. ஒரு பக்கம், ஓட்டுக் கூரைகளும் குறுகிய கல் தெருக்களுமாய் மதிலுக்குள் சுருண்டு கிடக்கும் சின்ன ஊர். மறுபக்கம், நேர் கீழே கடல். சீசன் முடிந்து கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. தூறல் மட்டும் நிற்கவில்லை.

திடீரென்று கடல் பக்கமிருந்தே ஒரு தலை எழும்பியது. மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் கயிறு, நனைந்த முகம்... அதில் மழை மேகத்தைக் கரைத்து ஊற்றினது போல் இரண்டு கண்கள். கோபப்படும்போது கூட கண்கள் இப்படி இருக்குமா என்ன...?

"சிவப்பு நாடா கட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. அலையை எட்டிப் பார்க்கத்தான் தாண்டினேன்."

"மதில் மேல் பூனை கேள்விப்பட்டிருக்கேன். மனுஷியை இன்னைக்குத்தான் பார்க்கறேன். முதல்ல இறங்குங்க!"

கீழே நின்ற வேலையாட்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

அவள் பல் டாக்டர். 'வாயைத் திறங்க' என்று சொல்லியே பழக்கப்பட்டவள். அவள் வாயை அடைத்தவர் இதுவரை யாரும் இல்லை. கடற்கரையோரம் வரிசையாக மூன்று மதில் ஊர்கள், மூன்று நாள் விடுமுறை என்று அக்காவோடு திட்டம் போட்டிருந்தாள். அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட, தனியாகவே கிளம்பிவிட்டாள். இது இரண்டாவது ஊர். விறுவிறுவென்று படியிறங்கி, டிக்கெட் கவுண்டரில் அவன் யாரென்று விசாரித்து, புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினாள்: 'மதில் பராமரிப்பு இன்ஜினியர் மரியாதை இல்லாமல் பேசுகிறார்.' கையெழுத்தின் அடியில் அழுத்தமாக ஒரு கோடு வேறு!

அன்று முழுக்க அந்தக் கண்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுவதற்காகத்தான் நினைக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு...

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மூன்றாவது ஊருக்குப் பஸ் பன்னிரண்டு மணிக்கு. கடைசியாக ஒருமுறை மதிலைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்று அவள் நின்ற இடத்தில், பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு பொக்கை! அதன் வழியே வானம் தெரிந்தது.

"நீங்க இறங்கிப் போய் ஒரு மணி நேரம் கூட ஆகலைம்மா, பொத்துன்னு விழுந்துடுச்சு," என்றாள் டிக்கெட் கொடுக்கும் அக்கா. "கல்லு ஆடுதுன்னு அந்தத் தம்பிதான் மூணு நாளா நாடா கட்டி வெச்சிருந்துச்சு. பாவம்... புகார் வந்துடுச்சுன்னு மேனேஜர் தம்பியை மேல ஏறவே கூடாதுன்னுட்டார். வாசல்ல உட்கார்ந்து, திரும்ப அடுக்கறதுக்காக விழுந்த கல்லுக்கு நம்பர் போட்டுட்டிருக்கு."

அவள் வேகமாகக் கவுண்டருக்குள் கை நீட்டினாள். புத்தகத்தை இழுத்துத் தன் புகாருக்குக் கீழேயே எழுதினாள்: 'தவறு என்னுடையது. நாடாவைத் தாண்டியது நான். இந்த இன்ஜினியர் கத்தியதால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.'

"இதை இப்பவே மேனேஜர்கிட்ட காட்டுங்கக்கா... ப்ளீஸ்."

வாசலில், மீட்டெடுத்த கற்களுக்கு நடுவே அவன் சாக்பீஸோடு குந்தியிருந்தான். நிமிரவில்லை.

"நான்... நேத்து..." அவளும் எதிரே குந்தினாள். "மன்னிச்சிடுங்க. நான் எழுதினது தப்பு."

"நான் கத்தினதும் நிஜம்தானேங்க. அதை எழுதினதுல என்ன தப்பு?" குரலில் வீம்பு இருந்தது. ஆனால் நிமிர்ந்து, கலங்கியிருந்த அவள் கண்களைப் பார்த்ததும் அந்த வீம்பு எங்கோ நழுவியது. அவள் தோளில் தொங்கிய பயணப் பையைப் பார்த்தான். "பஸ் எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு."

"அப்போ ஒண்ணு காட்டறேன். வாங்க."

மதிலின் அடியில் ஒரு தாழ்ந்த கதவு. குனிந்து நுழைந்தால், மதிலுக்குள்ளேயே ஒரு பாதை! அறுநூறு வருஷத்து ஈரம். சின்ன ஜன்னல் துளைகளில் சாம்பல் நிற வெளிச்சம். ஒவ்வொரு கல்லிலும் செதுக்கியவன் விட்டுப் போன அடையாளம்... ஒன்றில் மீன், ஒன்றில் பிறை, ஒன்றில் வெறும் மூன்று கோடு.

"கையை இங்க வைங்க. பேசாம இருங்க."

வைத்தாள். சில்லென்று இருந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு... தும்! கல்லுக்கு அந்தப் பக்கம் அலை மோதியது. அந்த அதிர்வு உள்ளங்கை வழியாக ஏறி நெஞ்சில் வந்து நின்றது. மறுபடி... தும்! பெயர் தெரியாத எத்தனையோ கைகள் அடுக்கிய கல், இத்தனை நூறு வருஷமாக ஒரு கடலையே தாங்கி நிற்கிறது! அவளுக்கு மேனி சிலிர்த்தது. காரணமே இல்லாமல் கண்ணில் நீர் கோத்தது.

"உயிரோட இருக்கற மாதிரி இருக்கே..." என்றாள் மெல்ல.

"அதான் இதை விட்டுப் போக மனசு வர்றதில்லை." அவனும் பக்கத்துக் கல்லில் கை வைத்தான். "நேத்து நான் கோபப்படலைங்க. பயந்துட்டேன். எத்தனையோ மதில்ல தொங்கியிருக்கேன், கை நடுங்கினதே இல்லை. நீங்க எட்டிப் பார்த்தப்போ நடுங்குச்சு."

"யாரா இருந்தாலும் நடுங்கியிருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்க பத்திரமா இறங்கிப் போன பிறகும் நிக்கலையே..."

அவள் சிரித்துவிட்டாள். வெளியே ஊர் மணி பதினொன்றே முக்கால் அடித்தது. இருவரும் அசையவில்லை.

"பஸ் போயிடும்," என்றான் தரையைப் பார்த்தபடி.

"போகட்டும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு." சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது. "நீங்க முதல்ல சொல்லட்டும்னு வீம்பா நின்னா, அந்த வீம்போடயே பஸ் ஏறிப் போயிடுவேன். என்னை எனக்குத் தெரியும்... அதான் நானே சொல்லிட்டேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"திறந்த வாயை மூடறதுக்குள்ள ஏதாவது சொல்லுங்க, இன்ஜினியர் சார்..."

"பிடிச்சிருக்கு," என்றான். "ரொம்ப..."

கல்லின் மேலிருந்த அவள் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவன் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.