நீலக் கால்சட்டைக்காரன்

ஒருவர் ஆடும் ஆட்டம் என்றுதான் ராஜேஷ்குமார் அழுத்தினான். திரையில் இரண்டு பேர் குதித்தார்கள்.

சிவப்புக் கால்சட்டைக்காரன் அவனுடைய ஆள். நீலக் கால்சட்டைக்காரனை ஆட்டுவிக்க யாரும் இல்லை. அவன் மேலிருந்து குட்டிக்கரணம் அடித்து இறங்கி, துப்பாக்கியை நீட்டியபடி மரம் மாதிரி நின்றான். முதல் குண்டிலேயே செத்தான். மறுபடி இறங்கினான், நின்றான், செத்தான். மூன்று லைஃபும் தீர்ந்து அவன் காணாமல் போனபோது ராஜேஷ்குமாருக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டு வருஷம் பரணில் கிடந்த கேசட், தூசி ஏறியிருக்கும். கழற்றி, வாயால் ஊதி, திரும்பச் சொருகினான். ஒருவர் ஆட்டம். மறுபடியும் இரண்டு பேர்தான் குதித்தார்கள்.

வந்தவன் நின்று சாகட்டும், நமக்கென்ன என்று விட்டுவிட்டான்.

அது 2002 மே மாதம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் அவனும் மனைவி தேவிகாவும் குடியிருந்தார்கள். உச்சி வெயில் ஏறிவிட்டால் மொட்டைமாடித் தளம் சூடாகி, அந்தச் சூடு மின்விசிறி வழியாகத் தலையில் இறங்கும். வண்டியிலிருந்து விழுந்ததில் அவனுக்கு வலது காலில் முட்டி வரை மாவுக்கட்டு. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு ஆறு வாரம் லீவு. படுத்தே கிடக்கிறவனுக்குப் பழைய பாவமெல்லாம் ஞாபகம் வரும் என்பார்கள். ராஜேஷ்குமாருக்கு வந்தது, பாதியில் விட்ட வீடியோ கேம்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பட்டியல் போட்டான். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த ஸ்டேஜில் நின்றது என்று எழுதினான். எதையும் முழுசாக முடிக்காதவன் என்று வீட்டில் பெயர் எடுத்தவன் அவன். டைப்ரைட்டிங் லோயரோடு நின்றது, டிப்ளமோ இரண்டு பேப்பரில் நின்றது. குழந்தை பிறப்பதற்குள் பத்தொன்பதையும் முடித்துவிட்டு, கேம் பெட்டியைத் தூக்கி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று தேவிகாவிடம் சொல்லியிருந்தான். தேவிகாவுக்கு இது எட்டாம் மாசம். அவளுடைய அம்மா வெள்ளிக்கிழமை பரமக்குடியிலிருந்து வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

"புள்ளத்தாச்சிய வீட்ல வச்சுக்கிட்டு புருஷன் ஒரு பாம்பைக் கூட அடிக்கக் கூடாதும்பாங்க. நீங்க ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரைச் சுட்டுத் தள்ளுறீங்க" என்பாள். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். கேலிக்கும் கோபத்துக்கும் மட்டும் தேவிகா தமிழுக்கு மாறிவிடுவாள். கல்யாணமான புதிதில் அவள் எப்போது தமிழுக்கு மாறுவாள் என்று அவன் பயந்துகொண்டே இருந்தது உண்டு.

நாலு வாரத்தில் பதினெட்டை அடித்துவிட்டான். பாக்கி இருந்தது இந்த ஒன்று. பட்டியலில் இதை முதலில் எழுதி, கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

இதை அவனோடு ஆடியது அவன் தம்பி பாலமுரளி. 1994-ல், இதே போல ஒரு மே மாத மத்தியானம், இரண்டு பேரும் கடைசி ஸ்டேஜ் வரை போனார்கள். ராஜேஷ்குமாருக்குப் பதினேழு வயது, பாலாவுக்குப் பதினொன்று. அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. ஒருவனுக்கு லைஃப் தீர்ந்துவிட்டால், ஏ பட்டனை அழுத்தி மற்றவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. அழுத்தினால் போதும், அவனுக்கு ஒன்று குறைந்து, நீ வானத்திலிருந்து குதிப்பாய். தெருப் பையன்கள் எல்லோரும் இதற்காகத்தான் கட்டி உருண்டார்கள்.

அன்று பாலாவுக்கு உடம்பு கொதித்தது. கண் மஞ்சளாக இருந்ததை ராஜேஷ்குமார் பார்த்தான், பார்த்துவிட்டு ஆடினான். பாலாவிடம் மூன்று லைஃப் இருந்தது. ராஜேஷ்குமார் ஒன்று எடுத்தான். இன்னொன்று எடுத்தான். "அண்ணா, எனக்கு ஒண்ணாவது வை" என்று பாலா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அதையும் எடுத்தான். எடுத்த வேகத்தில் கரண்ட் போய்விட்டது. மூன்றாம் நாள் பாலா ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றார் டாக்டர். காரியம் முடிந்த கையோடு அம்மா அவன் சட்டை, பள்ளிக்கூடப் பை, சைக்கிள் எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றினாள். செத்தவன் ஆசையாகத் தொட்டது எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. இந்தப் பெட்டியை மட்டும் ராஜேஷ்குமார் பரணில் ஒளித்துவைத்தான். தம்பி ஞாபகத்துக்காக என்று பின்னாளில் தனக்கே சொல்லிக்கொண்டான். நிஜத்தில் விலை உயர்ந்த பெட்டி, விட மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

மணி இரண்டு. நாலாவது ஸ்டேஜ். வெளியே "தேனி, போடி, கம்பம்" என்று கத்திக்கொண்டிருந்த கண்டக்டரும் வெயிலுக்கு அடங்கிவிட்டான். திரையின் இடது மூலையில் ராஜேஷ்குமாரின் லைஃப் மூன்று, மூன்று சின்னப் பதக்கங்களாக வரிசையில் இருந்தன. அவன் சாகவில்லை. அவன் மேல் ஒரு குண்டும் படவில்லை. ஒரு பதக்கம் மறைந்தது.

நீலக் கால்சட்டைக்காரன் குதித்து இறங்கினான்.

இந்தத் தடவை அவன் நிற்கவில்லை. ஓடினான். சுடுவதற்கு முன்னால் சும்மா இரண்டு தரம் குதித்தான், பிறகு சுட்டான். மறுபடி இரண்டு குதி, ஒரு சுடு. அந்தப் பழக்கத்துக்காக ராஜேஷ்குமார் ஒரு காலத்தில் ஒருவன் தலையில் தினம் குட்டியிருக்கிறான்.

அவன் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது ஆளின் ரிமோட் பாயில், கையெட்டும் தூரத்தில் கிடந்தது. வயரைச் சுருட்டி நேற்று அவனே ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. ஏ பட்டன் மட்டும் உள்ளே போய், வெளியே வந்தது. டக்.

"என்னங்க" என்று தேவிகா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். தமிழில். கோபம் இல்லை அந்தக் குரலில். "காலையிலருந்து ஒரு தடவைதான் அசைஞ்சுச்சு. இப்ப அசையவே மாட்டேங்குது."

"தூங்கும்" என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீலக்காரன் வேண்டுமென்றே ஒரு பீரங்கிக்கு முன்னால் போய் நின்று செத்தான். டக். இன்னொரு பதக்கம் போனது. ராஜேஷ்குமாரிடம் ஒன்றுதான் மிச்சம்.

தேவிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன. முகம் வெளுத்திருந்தது. "கல்லு மாதிரி இருக்குங்க" என்றாள்.

அப்போது அவனுடைய புள்ளிகள் இருபதாயிரத்தைத் தாண்டின. டிங் என்ற சத்தத்தோடு புதிதாக ஒரு பதக்கம் வந்தது. தேவிகா சட்டென்று மூச்சை இழுத்தாள். "அசையுது" என்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இப்பத்தான், இந்தா, இங்க."

டக்.

பதக்கம் போனது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு அங்கேயே நின்று, மெல்ல மெல்ல அணைந்தது.

ராஜேஷ்குமாருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் தேவிகாவின் வயிறு சொன்னது, எடுபட்டுக்கொண்டிருப்பது யாருடைய லைஃப் என்று. பாஸ் பட்டனை அழுத்தினான். குண்டுகள் அந்தரத்தில் நின்றன. எதிரிகள் ஓடிய காலைத் தூக்கியபடி நின்றார்கள். நீலக்காரன் மட்டும் நிற்கவில்லை. உறைந்த குண்டுகளுக்கு நடுவே சாவகாசமாக நடந்து, திரையின் முன்விளிம்பு வரை வந்து, அவனைப் பார்த்து நின்றான். ராஜேஷ்குமார் பாஸை எடுத்தான். ஆடினான். ஆடிக்கொண்டே இருந்தால் புள்ளிகள் வரும். புள்ளிகள் வந்தால் பதக்கம் வரும். நீலக்காரன் எடுக்கிற வேகத்தைவிட வேகமாகச் சேர்க்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் தேவிகா. "ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் இரு."

"எம்புட்டு நிமிஷம்?"

"இத நிறுத்தக் கூடாது தேவி."

"என்ன சொல்றீங்க? இங்க என் உயிரு போகுது. நிறுத்துங்க அத."

"நிறுத்துனா அவன் எடுத்துருவான்."

"யாரு?"

அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். ஐந்தாவது ஸ்டேஜ். ஆறாவது. ஒரு பதக்கம் வந்தது, அவள் முனகினாள், டக், போனது. கட்டைவிரல் தோல் உரிந்து பட்டன் வழுக்கியது. மாவுக்கட்டுக்குள் கால் எரிந்தது. அறையில் ஒரு நாற்றம் வந்திருந்தது, காய்ச்சல்காரன் படுத்த பாயின் நாற்றம், கீழாநெல்லிச் சாறும் மூத்திரமும் கலந்தது. அதை அவன் எங்கே மோந்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தேவிகா குனிய முடியாமல் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்தாள். அவன் உட்கார்ந்த வாக்கிலேயே எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். வளைகாப்பு வளையல்களில் இரண்டு உடைந்து பாயில் விழுந்தன. மூன்று வருஷத்தில் அவள் மேல் அவன் கைவைத்தது அதுதான் முதல் தடவை. அவனைப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஒருத்தனைப் பார்ப்பது போல. பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

படியில் அவள் காலடி கேட்டது. ஒவ்வொரு படியாக. கீழ்வீட்டுக்காரர் ஹாஜராம்மாவின் குரல் எழுந்தது. "யா அல்லா, இந்த நிலைமையில தனியாவா எறங்குற? எங்க உம் புருஷன்? யாசீனு, ஓடுடா, ஆட்டோ கூட்டிட்டு வா."

போகட்டும். அவள் அங்கே போகட்டும். நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

எட்டாவது ஸ்டேஜ். கடைசி. எட்டு வருஷத்துக்கு முன் நின்ற இடம். பெரிய இரும்புக் கதவு. ஒரே ஒரு பதக்கம்.

நீலக்காரன் செத்துக் கிடந்தான்.

"பாலா" என்றான் ராஜேஷ்குமார். சௌராஷ்டிரத்தில் சொன்னான், தம்பியிடம் பேசிய பாஷையில். "நான்தான் எடுத்தேன். ஒத்துக்கறேன். எனக்குன்னு இருக்கறத எடுத்துக்கோ. இத விட்டுரு. எனக்கு ஒண்ணாவது வை."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டான்.

ரிமோட் சத்தம் போடவில்லை. ஒரு நொடி. இரண்டு. கதவில் விரிசல் விழுந்தது. சுட்டான். இன்னும் சுட்டான். பதக்கம் இருந்தது. அங்கேயே இருந்தது. சுட்டான்.

கரண்ட் போனது.

திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. தெருவில் எங்கோ ஒரு ரேடியோவும் அடங்கியது. அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டான். ஒன்று மிச்சம் இருந்தது. அணையும்போது ஒன்று இருந்தது, அவன் கண்ணால் பார்த்தான். தப்பித்துவிட்டது. கீழே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அதற்கு மேல் தேவிகாவின் குரல். வார்த்தை இல்லாத ஒரே நீள அலறல். "துணி கொண்டாங்கடி, துணி" என்று ஹாஜராம்மா கத்தினார்.

எழுந்திருக்க முயன்றான். கால் வரவில்லை. கையை ஊன்றி நிமிர்ந்தபோது டிவியின் கறுத்த கண்ணாடி எதிரே இருந்தது.

அதில் அறை தெரிந்தது. ஜன்னல் வெயில். வெள்ளைக் கட்டுப்போட்ட கால். அவன்.

அவனுக்குப் பக்கத்தில், பாயில், பதினொரு வயதுப் பையன் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் மஞ்சளாக இருந்தன. மடியில் ஈரமாக, மிகச் சின்னதாக ஒன்றை வைத்திருந்தான். அது இன்னும் கண் திறக்கவில்லை. பையன் அதன் கையை எடுத்து ரிமோட்டின் மேல் வைத்து, அரிசி மணி அளவு நகம் உள்ள அந்த விரலைத் தன் விரலால் அழுத்தி, பட்டனை எப்படி அமுக்குவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.