ஏழாவது பக்கம்

1957 நவம்பர் 12, செவ்வாய்.
சிறு தவறு ஒன்று நடந்திருக்கிறது. காஜா மொய்தீன் பாய் பனியன் மூட்டையோடு போனது சோமனூர்ச் சந்தைக்கு. நான் அவிநாசிச் சந்தை என்று எழுதியிருக்கிறேன். ஒருவேளை சபுரா அக்கா சொன்னதே அவிநாசிதானோ என்னவோ. என் காதை நம்ப முடியவில்லை. இன்றைக்கே போய்க் கேட்டுத் திருத்த வேண்டும்.

எழுதி முடித்து மயிலாள் மையை ஊதிக் காய வைத்தாள். பத்தொன்பது வயது. பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒவ்வொரு பனியனையும் பல்பு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கண்ணி நழுவிய இடம் பார்த்துச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். மற்ற பெண்கள் ஒரு தரம் பார்ப்பதை அவள் மூன்று தரம் பார்ப்பாள். நான்காம் தரமும் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு, ஆறு மணிக்குப் பெண்களுக்கான மாலை வகுப்புக்குப் போவாள்.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவர்கள் சந்தில் இரண்டு மாதத்துக்குள் ஏழு பேரைக் கொண்டுபோயிருந்தது. வகுப்பு நடத்தும் தெய்வாத்தாள் டீச்சர்தான் ஏழு பேரின் பட்டியலைக் கொடுத்துச் சொன்னார்: "பேரும் தேதியும் மட்டும் போதுமா? ஆளுக்கு ஒரு பக்கம் எழுது மயிலா. எப்படி இருந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, எதுக்குச் சிரிச்சாங்க, எல்லாம். அடுத்த ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டத்துல படிக்கலாம்."

செக்கிங் மேஜையில் இந்தச் செய்தி போனதும், கூட வேலை செய்யும் ரங்காத்தாள் விடவில்லை. "ஏ மயிலு, நாஞ் செத்தா நாலு பக்கம் வேணுமாக்கும், இப்பவே சொல்லிப்போட்டேன். வாயாடின்னு மட்டும் எழுதிப்போடாதே." மேஜை முழுக்கச் சிரித்தது. மயிலாளும் சிரித்தாள். ஏழு பேரில் ஒருவன் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து. அது தெரிந்துதான் ரங்காத்தாள் அவளைச் சிரிக்க வைத்தாள்.

அண்ணன் பக்கத்தை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். மற்ற ஆறு வீட்டுக்கும் ஞாயிறும் திங்களும் போய்க் கேட்டு எழுதியாகிவிட்டது.

சபுரா பீவியின் வீட்டுக்குப் போகும்போது மழை விட்டிருந்தது. சாக்கடையோரம் வெளுப்புப் பட்டறையின் பிளீச்சிங் பவுடர் நாற்றம் ஈரத்தோடு சேர்ந்து மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. சந்து முனையில் பின்னல் மெஷின்கள் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் காஜா மொய்தீன் பாய் இறந்து, வெளியே வராமல் இத்தா என்ற துக்கம் காக்கும் சபுரா பீவி வெள்ளைச் சேலையில் உள்ளறைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதே பாயில் அவள் ஒரு மணி நேரம் அழுதழுது சொன்னாள். இன்று முன்னால் தட்டு நிறையச் சோறு. நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகமுங்க. பாய் போனது சோமனூர்ச் சந்தைங்களா, அவிநாசிங்களா?"

"எந்தப் பாய், அம்மிணி?"

அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்து மயிலாள் நோட்டைத் திறந்து மெதுவாகப் படித்தாள். கையில் தூக்கியே பனியனின் எடையைச் சொல்லிவிடுவார் என்று. பிறந்த குழந்தைக்கு இருபதாம் சைஸ் பனியனைப் போட்டு, அது கால்வரை தொங்குவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார் என்று. தொப்பியைக் கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டால்தான் தூங்குவார் என்று.

சபுரா பீவி சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகத்தில் இரக்கம் இருந்தது. அந்நியருக்காகப் படுகிற இரக்கம்.

"பாவம், நல்ல மனுசனாட்ட இருக்குது. எந்த ஊருங்க? பொஞ்சாதி புள்ளைங்க உண்டா?"

மயிலாளின் விரல் பக்கத்தின் மேலேயே நின்றது.

சபுரா பீவி குரலைத் தாழ்த்தினாள். "அம்மிணி, உன்னைய ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதே. என்னைய எதுக்கு இந்த அறையிலயே உக்கார வெச்சிருக்காங்க? வெள்ளைச் சேலை வேற. கேட்டா எங்கம்மா அழுவுறாங்க."

வெளியே வந்தபோது வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் வகுப்புக்குப் போகவில்லை. தன்மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. துக்கத்தில் இருப்பவளைக் கிளறி ஏதோ கெடுத்துவிட்டோமோ? சரிபார்க்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான்கு வீடு தள்ளியிருந்த சுப்பையனின் கதவைத் தட்டினாள். சுப்பையன் வெளுப்புப் பட்டறைத் தொட்டியில் இறங்கித் துணி மிதிப்பவர். மனைவி வள்ளியாத்தாள் இறந்ததைத் திங்கட்கிழமை சொல்லும்போது சுவரில் தலையை மோதிக்கொண்டவர்.

"வா கண்ணு, வா. உள்ள வந்து சட்டுனு கதவைச் சாத்து."

முகம் தெளிந்திருந்தது. கண்ணாடியின் முன்னால் நின்று, சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த சாந்துப் பொட்டுகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் சிறு சிவப்புச் செதிலாக உதிர்ந்தது.

"ஆரோ வந்து கண்ணாடிய அழுக்குப் பண்ணிப்போட்டாங்க."

"மாமா, அத்தையோடதுங்க அது."

"எந்த அத்தை?" அவர் சிரித்தார். "எனக்கு ஆரு கண்ணு பொண்ணு குடுப்பா? பவுடர் நாத்தத்துக்குப் பக்கத்துல பாய்கூடப் போடமாட்டாங்க." பிறகு சன்னலைக் காட்டினார். "அதெ உடு. ரெண்டு நாளா, வெளக்கு வெக்கிற நேரமானா ஒரு பொம்பளை சாக்கடைக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கறா. இந்த ஊட்டையே பாக்கறா. வழி தெரியாதவளாட்ட இருக்குது. பாத்தா ஒரு மாதிரி இருக்குது கண்ணு. அதான் கதவைச் சாத்திக்கறேன்."

மயிலாள் சன்னல் வழியாகப் பார்த்தாள். சாக்கடை. ஈரச்சுவர். கொடியில் யாரும் எடுக்காத பனியன்கள் நனைந்து தொங்கின. அந்தப் பக்கம் எவரும் இல்லை. ஆனால் மழை கழுவிய கல்லின்மேல், இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு மட்டும், ஈரம் இல்லாமல் இருந்தது.

மறுநாள் மற்ற நான்கு வீட்டுக்கும் போனாள். நான்கும் அப்படியே. யாரும் அழவில்லை. எல்லாரும் நன்றாகத் தூங்கியிருந்தார்கள். அவளிடம் சொன்னதெல்லாம், அவள் எழுதிக்கொண்டதெல்லாம், அவர்கள் மனத்திலிருந்து போய்விட்டிருந்தது. பின்னல் துணியில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வெறும் நூலாகக் கையில் வருவதுபோல, ஆறு மனிதர்களும் கழன்று அவள் நோட்டில் வந்து கிடந்தார்கள். நோட்டை அடுப்பில் போட எடுத்தாள். போடவில்லை. அவர்களுக்கு மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

இனி எழுதக் கூடாது. அண்ணனைப் பற்றி ஒரு வரிகூடக் கூடாது.

ஆனால் சந்துக்குள் செய்தி பரவிவிட்டது. வியாழக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பழனியம்மாள் தலையை நிமிர்த்தினாள். மகன் கிடந்து இறந்த மூலையிலேயே இரண்டு மாதமாக உட்கார்ந்திருப்பவள். கை கால் எலும்பாகியிருந்தது.

"உங்கிட்டச் சொன்னவீங்க எல்லாம் தூங்கறாங்களாமா. எனக்கும் எழுது சாமி."

"வேண்டாங்கம்மா."

"ஊருக்கெல்லாம் எழுதறே. பெத்தவளுக்கு எழுத மாட்டயா?"

"எழுதுனா அண்ணன் உங்களுக்கு இல்லாமப் போயிருமுங்க."

அம்மா மகன் கிடந்த இடத்தைக் கையால் தடவினாள். "இருந்து என்ன கண்ணு பண்றான்? கண்ணை மூடுனா தண்ணி கேக்கறான். நாங் குடுக்கறதுக்குள்ள போயிர்றான். அதுவே. ராத்திரி பூரா அதுவே."

வெள்ளிக்கிழமை அம்மா தண்ணீரும் குடிக்கவில்லை. வந்து பார்த்த கம்பவுண்டர் நாடி பார்த்த கையை விட்டுவிட்டு, "ஊசி போட்டிருக்கேன். ஆனா அவங்களா வாயத் தொறக்கோணும்" என்று சொல்லிப் போனார். சனிக்கிழமை மாலை அம்மாவின் உதடு வெடித்து, மூச்சு நூல் மாதிரி இழுத்தது.

மயிலாள் சிம்னி விளக்கை ஏற்றினாள். யோசித்து யோசித்து ஒரு கணக்குக்கு வந்திருந்தாள். அம்மா சொன்னால் அம்மாவிடமிருந்துதான் போகும். தன்னிடம் அண்ணன் இருப்பான். ஒருவர் நினைவில் வைத்திருந்தால் போதும். அம்மா பிழைத்துக்கொள்வாள். ஏழாவது பக்கத்தைத் திறந்தாள்.

"சொல்லுங்கம்மா."

அம்மா சொன்னாள். மாசி மாதம் பிறந்தவன் என்றாள். கிணற்றைக் கண்டால் பயம் என்றாள். களியில் நடுக்குழியை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் தின்பான். வேலைக்குப் போன முதல் நாள் மெஷினுக்கு எண்ணெய் விடச் சொன்னதற்குத் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை விட்டு, ஒரு வாரம் கம்பெனியே மணந்ததாம். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தங்கச்சி படிக்கட்டும் என்று மாலை வகுப்பில் பெயர் கொடுத்தது அவன்தான். சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தில் மடிப்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கடைசியில் தண்ணீர் கேட்டதைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே செம்பை எடுத்துக் குடித்தாள். மடமடவென்று, ஒரு செம்பு முழுவதும். அந்த மூலையிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

சந்து முனையில் மெஷின்கள் நின்றன. ஓடிக்கொண்டிருந்தபோது கேட்காத சத்தம் நின்றபிறகு காதை அடைத்தது. விளக்கின் சுடர் காற்றில்லாமலே வாசல் பக்கம் சாய்ந்தது.

மயிலாள் பக்கத்தை முதலிலிருந்து படித்தாள். அண்ணன் நினைவில் இருந்தான். குரல்கூட இருந்தது. கண்ணில் நீர் வந்தது. அந்த நீர் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மாசி என்று இருந்தது. மாசி இல்லை. பங்குனி. அம்மாவுக்கு எப்போதும் இந்தக் குழப்பம்.

நாளைக்குக் கூட்டத்தில் படிப்பார்கள். தப்பாகப் படித்தால் அண்ணனுக்கு அதுவே பிறந்த மாதமாகிவிடும். திருத்துவது சொல்வது ஆகாது என்று நினைத்தாள். ஒரே ஒரு சொல். மாசியை அடித்துப் பங்குனி என்று எழுதினாள்.

கிணறு என்று இருந்தது. முதலில் கிணற்றைக் கண்டு பயம் இல்லை. கிணற்றில் விழுந்த தங்கையைத் தூக்கியது அவன்தானே. அதற்குப் பிறகுதான் பயம். ஓரத்தில் சிறிய எழுத்தில் சேர்த்தாள். சேர்த்த பிறகு படித்தாள். தண்ணீரின் குளிர்ச்சி உடம்பில் இருந்தது. தூக்கிய கை யாருடையது என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தது.

நிறுத்த வேண்டும்.

தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

ஆனால் புருவம். வலது என்று இருந்தது. இடது.

தப்பாக விடக் கூடாது. எடுத்தாள். அடித்தாள். இடது.

எண்ணெய் தேங்காய் எண்ணெய் அல்ல. விளக்கெண்ணெய். அடித்தாள்.

ஒரு வாரம் இல்லை. மூன்று நாள்.

வகுப்பில் பெயர் கொடுத்தான். அவனேதானா? ஆமாம். கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். எழுதினாள்.

அவன் கூப்பிடுவது எப்படி? எழுதினாள்.

சிரிப்பது. எழுதினாள்.

சுடர் வாசல் பக்கமே கிடந்தது.

இன்னும் ஒரு தப்பு. ஒன்றே ஒன்று.

எழுதினாள்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. மயிலாள் முதுகை நிமிர்த்தி விரல்களை நெட்டி முறித்தாள். ஏழாவது பக்கத்தை மூன்று தரம் படித்தாள். தப்பு ஒன்றும் இல்லை. நல்ல பையனாக இருந்திருக்கிறான். இளவயது. பாவம் என்று தோன்றியது.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, பழக்கமான வீட்டைத் தட்டுவதுபோல.

திறந்தாள். வாசலில் ஓர் இளைஞன் நின்றான். அவனைச் சுற்றி மழை பெய்துகொண்டிருந்தது. அவன் நின்ற கல் காய்ந்திருந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. வாய் திறந்திருந்தது, சொல்ல வந்ததை யாரோ வாயிலிருந்து எடுத்துக்கொண்டதுபோல. உள்ளே, மூலையில் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தான். பிறகு மயிலாளைப் பார்த்தான். அவள் கேட்பதற்காகக் காத்திருந்தான்.

"ஆருங்க வேணும்?"

அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஊடு தப்பி வந்துட்டீங்களாட்ட இருக்குது. இங்க ஆம்பளைங்க ஆரும் இல்லீங்க. காலைல வந்து விசாரிச்சுக்குங்க."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அம்மா தூக்கத்திலிருந்து புரண்டு, "ஆரு கண்ணு?" என்றாள்.

"தெரியலீங்கம்மா. ஆரோ ஒருத்தருங்க."

"மழையில நிக்கறாங்களே. பழைய சோறு இருக்குது, போடட்டுமா?"

"வேண்டாங்கம்மா. ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கிற ஊடு."

அம்மா "அதுஞ் சரிதான்" என்று சொல்லி மறுபடி தூங்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மரத்தின்மேல் உள்ளங்கை ஒன்று பதிந்து கீழே வழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் மேலே. மறுபடியும் கீழே. மயிலாள் விளக்கை அருகே நகர்த்திக்கொண்டு, தேதி போட்டு எழுதினாள்.

1957 நவம்பர் 16, சனி. ஏழு பக்கமும் முடிந்தது. டீச்சர் கொடுத்த பட்டியலில் ஆறு பெயருக்கு எதிரே வீட்டு எண் இருக்கிறது. ஏழாவதாக நாச்சிமுத்து என்று உள்ள பெயருக்கு இல்லை. நாளை கூட்டத்துக்கு முன்னால் டீச்சரைப் பார்த்து, அது எந்த வீடு என்று கேட்டு, வீட்டாரை வரச் சொல்ல வேண்டும்.