கடுகளவு

உண்ணாமலை கொட்டாவி விட்டாள். அதே கணத்தில் தூளிக்குள் கிடந்த குழந்தையும் கொட்டாவி விட்டது.

பக்கத்தில் ஒருவர் விட்டால் மற்றவருக்கும் வருவது வழக்கம்தானே என்று முதலில் நினைத்தாள். சற்று நேரத்தில் அவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்றோடு நிற்கவில்லை, அடுக்குத் தும்மல். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, விட்டத்தில் தொங்கிய பழஞ்சேலைத் தூளி குலுங்கியது. உள்ளே குழந்தை தும்மிக்கொண்டிருந்தது. அவளைப் போலவே அடுக்கடுக்காக. அவளைப் போலவே, கடைசியில் ஒரு சின்ன முனகல்.

பங்குனி வெயில் ஓட்டைச் சுட்டுக்கொண்டிருந்த வேளையில் அவளுக்குக் குளிரெடுத்தது. கையைப் பார்த்தாள், மயிர்க்கால் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. எழுந்து போய்த் தூளியை விலக்கினாள். குழந்தையின் சின்னத் தொடையிலும் அதே புல்லரிப்பு.

இந்தக் குழந்தை மாரி பிறந்தபோது உண்ணாமலை செத்துப் பிழைத்தாள். பிள்ளை வெளியே வந்த பிறகும் இடுப்பில் வலி மட்டும் தங்கிவிட்டது. குனிந்தால் வலி, நிமிர்ந்தால் வலி. சங்ககிரியில் ஒரு கம்பவுண்டர் பழுப்பு நிறத்தில் சீசா மருந்து கொடுத்தார். தண்ணீரில் சில சொட்டு விட்டுக் குடித்தால், யாரோ வந்து வலியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது போல இருக்கும். சீசா காலியாகி மறுபடி போய் நின்றபோது அவரே சொன்னார்: "இதுக்காக எதுக்கும்மா இவ்வளவு தூரம் நடக்கிறே? இதுவும் அபினிதான். லைசென்ஸ் கடையிலே வாங்கிக் கடுகளவு உருட்டிப் போட்டுக்கோ."

கடுகளவு மிளகளவாயிற்று. ஒரு வேளை இரு வேளையாயிற்று. வலி என்றைக்கோ போய்விட்டது. மருந்து போகவில்லை.

மாரி அழாத குழந்தை. கடலைக்காட்டு வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டால், பொழுது சாயும் மட்டும் சத்தமே இருக்காது. மற்றப் பெண்கள் காட்டு வேலைக்கு வருமுன் தங்கள் பிள்ளைகளின் நாக்கில் கடுகளவு அபினியைத் தடவிவிட்டு வருவார்கள். அது அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். உண்ணாமலைக்கு அந்த வேலையே இல்லை. "வரம் வாங்கியா பெத்த, அம்மிணி?" என்று பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் பொறாமைப்படுவாள்.

அம்மை குத்த மாட்டு வண்டியில் வந்த மிஷன் நர்சம்மாதான் குழந்தையின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது.

"யார் இதுக்கு அபினி கொடுக்கிறது?"

"யாரும் குடுக்கறதில்லீங்க."

"நீ சாப்பிடுறியா?"

உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் பாலிலே போகுதம்மா. இது தூங்கலே, மயங்கிக் கிடக்குது. இப்படியே விட்டா ஒரு நாள் மூச்சு விடறதையே மறந்துடும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கோ. சட்டுனு நிறுத்திடாதே."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அவளால் முடியவில்லை. காலையில் குறைத்ததை மாலையில் கை தானாகச் சேர்த்து உருட்டிற்று. அந்த நேரத்தில் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா தொடங்கப் பூச்சாட்டினார்கள். உண்ணாமலை ஈரச்சேலையோடு கோயிலுக்குப் போய், மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டாள். 'நோம்பி முடியும் மட்டும் கடுகளவும் என் நாக்கில் படாது. என் பிள்ளையை முழிக்க வை, ஆத்தா.' காப்புக் கட்டியவர் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்கக் கூடாது. சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. மாற்றினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அபினி இருந்த தகர டப்பாவை, வீட்டோடு இருந்த நாத்தனார் ராமாயியிடம் கொடுத்தாள். "கால்ல உழுந்து கேட்டாலும் குடுத்துராதீங்க, நங்கையா."

ராமாயி டப்பாவை மடியில் சொருகிக்கொண்டாள். "நீ உழுந்தா நான் உன்ற முதுகு மேல ஏறிக் குந்திக்கறேன், போ."

அதற்கு மறுநாள்தான் அந்தக் கொட்டாவி.

பொழுது சாய்ந்ததும் அவள் உடம்புக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. கால் தானாக உதைத்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. வயிறு கரைந்து வெளியே ஓடிற்று. கட்டுத்தறிச் சாணமும் விளக்கு மண்ணெண்ணெயும் ஈரச் சுவரும் தனித்தனியாக மூக்கைக் குத்தின. தூளிக்குள் மாரி உதைத்தாள். எட்டு மாதமாக அழாத குழந்தை வாய் திறந்து அழுதது. தகரத்தைக் கருங்கல்லில் வைத்து இழுப்பது போன்ற கீச்சுக் குரல். மார்பில் வைத்தாலும் நிற்கவில்லை; தோளில் போட்டாலும் நிற்கவில்லை. இவளுக்கு வயிறு முறுக்கும்போது அதற்கும் முறுக்கிற்று. இவள் நடுங்கினால் அதுவும் நடுங்கிற்று. தாயும் பிள்ளையும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி போலவும், நடுவில் யாரோ பிடித்துக் குலுக்குவது போலவும் இருந்தது.

புருஷன் தங்கமுத்து வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தான்.

"ஏனுக்கா, புள்ள இப்படி அழுவுதே?"

"எட்டு மாசத்து அழுவாச்சிய மூட்டை கட்டி வெச்சிருந்திருக்கா உன்ற மவ. அவுத்துக் கொட்டறா. கொட்டட்டும்." ராமாயி சிரித்தாள். ஆனால் அவள் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

அடுத்து வந்த பகலும் இரவும் ஒன்றாகக் கலந்தன. உண்ணாமலை ஒரு முறை ராமாயியின் காலைப் பிடித்தாள். "புள்ளக்காகவாச்சும் கொஞ்சம் குடுங்க, நங்கையா. நான் தின்னாத்தான் அது அமரும்." ராமாயி குனிந்தாள். உண்ணாமலையின் கையைத் தூக்கி, அதில் இருந்த மஞ்சள் கயிற்றை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

பிறகு ஒரு மாலை, அழுகை நின்றது.

நின்றது என்று ராமாயிதான் சொன்னாள். உண்ணாமலைக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

"நங்கையா, புள்ள அழுவுதுங்க."

"எங்கடி அழுவுது? தூங்குது பாரு, ராசாத்தியாட்ட."

போய்ப் பார்த்தாள். மாரி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. மார்பு மெல்ல ஏறி இறங்கியது. தகரத்தைக் கல்லில் இழுக்கும் அந்தச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. கிணற்று மேட்டுக்குப் போனால் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. காலிக் குடத்தில் காதை வைத்தால் குடத்துக்குள் இருந்தது.

"மருந்து எறங்கறப்ப காது பொய் சொல்லும் சாமி," என்றாள் ராமாயி, அவள் தலையை வருடியபடி. "என்ற மாமனாரு அபினிய உட்டப்ப, செத்துப்போன எருது கூப்புடுதுன்னு கட்டுத்தறிக்கு ஓடுனாரு. ராவெல்லாம் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. காத நம்பாத. என்ன கேட்டாலும் எந்திரிக்காத. படு."

உண்ணாமலை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காதை நம்பாதே.

மறுநாள் விளக்கேற்றும் நேரத்தில் அவள் தும்மினாள். தூளி அசையவில்லை. கொட்டாவி விட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. கயிறு எங்கோ அறுந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள். இவள் படுவதை இனிப் பிள்ளை படாது. ஆனாலும் அந்த அசையாத தூளியை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

குனிந்து குழந்தையை முத்தமிட்டாள். உதட்டில் அந்த வாசனை அடித்தது. கசப்பும் புளிப்பும் கலந்த, பச்சிலை அழுகினாற்போன்ற அந்த வாசனை. ஆயிரம் வாசனைக்கு நடுவிலும் அவள் அதைக் கண்டுபிடிப்பாள். அவள் வாயில் நீர் ஊறியது. குழந்தையின் உதட்டை விரலால் துடைத்தாள். விரல் தன் வாய்ப் பக்கம் வருவதைக் கண்டு திடுக்கிட்டு, ஓடிப்போய்க் கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள்.

காது பொய் சொல்கிறது. இப்போது மூக்கும் பொய் சொல்கிறது.

அன்றிரவு கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம். ஊர் முழுவதும் கோயிலடிக்குப் போய்விட்டது. தப்பட்டைச் சத்தம் காட்டைத் தாண்டி அலையலையாக வந்து ஓட்டில் மோதிற்று. ராமாயி போகும்போது விளக்கைத் தணித்துவிட்டுப் போனாள். தங்கமுத்து தூளிக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு, "செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிப் போனான். இருட்டிய பிறகு சுப்பம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "படு அம்மிணி, புள்ளயப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். தூளிக் கயிறு முனகியது. அவளும் போய்விட்டாள்.

விட்டத்தில் தூளியின் நிழல் தொங்கியது. தப்பட்டை ஓய்ந்த இடைவெளியில், உண்ணாமலைக்கு அது கேட்டது.

இது அழுகை இல்லை. ஈரமான சத்தம். வறண்ட கிணற்றில் குடம் அடிச்சேற்றைத் தொட்டு உறிஞ்சுவது போல. ஒரு உறிஞ்சல். ஒரு நிறுத்தம். இன்னொரு உறிஞ்சல்.

கையை ஊன்றி எழுந்தாள்.

காதை நம்பாதே.

செத்த எருதுக்காக இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவனை நினைத்தாள். எழுந்து போனால் என்ன பார்ப்பாள்? தூங்கும் குழந்தையைத்தான். அப்புறம் இன்னொரு முறை எழுவாள். அப்புறம் டப்பாவைத் தேடுவாள். மருந்து அவளைக் கூப்பிடுகிறது. பிள்ளைக் குரலில் கூப்பிடுகிறது. காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேலையைச் சுருட்டிக் காதில் அழுத்தினாள்.

சேலைக்குள்ளும் கேட்டது.

உறிஞ்சல். நிறுத்தம்.

உறிஞ்சல்.

நிறுத்தம் நீண்டது.

உறிஞ்சல்.

நிறுத்தம்.

அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வெயில் வாசலுக்கு வந்திருந்தது. உடம்பு லேசாக இருந்தது. எலும்பில் எறும்பு இல்லை. மூக்கு ஒழுகவில்லை. பசித்தது! பல நாளுக்குப் பின் பசித்தது. காதில் எந்தச் சத்தமும் இல்லை. வேப்பமரத்தில் காக்கை கத்தியது, அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அழுகை வந்தது.

மார்பு மட்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. இரவில் பிள்ளை பாலுக்கு எழவே இல்லை.

ராமாயி மஞ்சள் நீராடிய சேலையோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "தூங்கினியா சாமி? மூஞ்சி தெளிஞ்சிருக்குது! நீ கண்ண மூடோணும்னுதான் ரெண்டு நாளா சாயங்காலத்துல புள்ள நாக்குல ஒரு கடுகளவு தடவுனேன். நேத்தும் தடவுனேன். காப்பு உனக்குத்தான? புள்ளக்கி இல்லயே."



வாசற்படியில் தங்கமுத்து நின்றுவிட்டான். "நீ குடுத்தயா அக்கா?"

"ஏன்டா?"

"நானும்..." அவன் குரல் உள்ளே போயிற்று. "நீ டப்பாவ அடுக்குப்பானையில வெச்சிருந்தது தெரியும். கம்பத்துக்குப் போறதுக்கு முன்னால... இவ செத்த அமரட்டும்னு... ஒரு கடுகளவுதான் அக்கா."

அவனுக்குப் பின்னால் சுப்பம்மாள், மஞ்சள் நீர்ச் செம்போடு. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை எடுக்க அவளுக்கு மறந்துவிட்டது.

"எங்க ஊட்டுல இருந்து... நானும்..."



உண்ணாமலை எழுந்தாள். தூளிக்குப் போனாள். சேலையை விலக்கினாள். கையை உள்ளே விட்டாள்.

விரல்கள் பட்ட இடம் கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தது.

தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். உதடு நீலம். நகம் நீலம். பாதி திறந்த கண்ணில் கருமணி ஊசிமுனை. வாய் மூடியிருந்தது.

அப்போது அழுகை தொடங்கியது.

தகரத்தைக் கல்லில் இழுக்கும் அந்தக் கீச்சுக் குரல். தலைக்கு மேலே. வெகு பக்கத்தில்.

காது பொய் சொல்கிறது. அவள் நிமிர்ந்தாள். ராமாயி தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். சுப்பம்மாளின் செம்பு விழுந்து உருண்டது. தங்கமுத்து மடியில் கிடந்த குழந்தையைப் பார்க்கவில்லை. தூளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலித் தூளி. அடியில் ஏதோ கனம் இறங்கினாற்போலத் தொய்ந்திருந்தது. உள்ளிருந்து ஏதோ உதைத்தது. விட்டத்தில் கயிறு முனகியது. தூளி ஆடத் தொடங்கியது.

பசிக்கு அழும் குரல் அது. உண்ணாமலையின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கட்டியிருந்த மார்பு இளகியது. ரவிக்கை நனைந்தது. கடுகளவும் கலக்காத பால் சேலையில் இறங்கி, மடியில் மூடிக் கிடந்த உதட்டின் மேல், சொட்டுச் சொட்டாக விழுந்தது.