கறுப்பு அட்டை

கல்லூரிப் பேருந்து பேரணாம்பட்டைத் தாண்டி மண் சாலையில் இறங்கி, அந்தத் தோல் தொழிற்சாலையின் கேட் முன்னால் நின்றபோது காலை பத்து மணி. வெயில் ஏறியிருந்தது. இரண்டு வருடமாக மூடிக் கிடக்கும் இடம். ஒரு தோல்கூட உள்ளே வந்ததில்லை. ஆனாலும் வாடை போகவில்லை. உப்பும் சுண்ணாம்பும் அழுகலும் கலந்த அந்த வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. இறங்கிய மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஹேமலதா சிரிக்கவில்லை. இந்த கேட்டுக்குள் அவள் ஏற்கெனவே ஒரு முறை வந்திருக்கிறாள்.

அவசரகால, பேரிடர் மருத்துவத்தில் முதுகலை படிக்கும் அவளுக்கு இன்று கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. நர்சிங் மாணவிகள் பத்துப் பேர் விபத்தில் சிக்கியவர்களாகச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு உள்ளே படுத்துக்கொள்வார்கள். இருபது நிமிடத்துக்குள் எல்லோரையும் பார்த்து, கழுத்தில் அட்டை மாட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே தூக்க வேண்டியவர். மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம். பச்சை, நடக்கக்கூடியவர். மூச்சில்லை என்றால் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வராவிட்டால் கறுப்பு. கறுப்பு மாட்டிய பிறகு திரும்பிப் பார்க்காமல் அடுத்தவரிடம் போய்விட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆம்புலன்ஸில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இதே தொழிற்சாலையில் இதைத்தான் அவள் செய்தாள்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு பேர் விஷவாயுவில் விழுந்தார்கள். அவர்களைத் தூக்கப் போன சூப்பர்வைசர் இன்பராஜ் விழுந்தான். அவனைத் தூக்கப் போன துப்புரவுக்காரி முனியம்மா விழுந்தாள். ஹேமலதா வந்து சேர்ந்தபோது நான்கு பேரையும் அப்போதுதான் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் இருவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள். இன்பராஜுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முனியம்மாவுக்கு மூச்சில்லை. தலையை நிமிர்த்தினாள். பத்து எண்ணினாள். கறுப்பு அட்டையை மாட்டிவிட்டு இன்பராஜை வண்டியில் ஏற்றினாள். அவன் பிழைத்தான்.

இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது கட்டுரையில் அதைத்தான் எழுதினாள். நேர்காணலில் பேராசிரியர் சுந்தரமூர்த்தி அதை வாசித்துவிட்டு, "உணர்ச்சிவசப்படாம எடுத்த முடிவு. இதுதான் எங்களுக்கு வேணும்" என்றார். சீட் கிடைத்தது.

மூன்றாவது பருவத்தில் அந்த வாயுவைப் பற்றிப் பாடம் வந்தது. அது முதலில் மூச்சைத்தான் நிறுத்தும். இதயம் இன்னும் சில நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே இழுத்துப்போட்டு உடனே மூச்சுப் பையை முகத்தில் வைத்து அழுத்தி மூச்சுக் கொடுத்தால் திரும்பிவந்துவிடக்கூடியவர்கள் உண்டு.

மூச்சுப் பை அன்று அவள் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினாள்.

கேட்டைத் திறந்துவிட்ட பெண்ணின் பெயர் கௌசர். மூடுவதற்கு முன்பு அங்கே பதினோரு வருடம் வேலை செய்தவள். இப்போது சாவி அவளிடம் இருந்தது. மற்றவர்கள் உள்ளே ஏற்பாடு செய்துகொண்டிருக்க, ஹேமலதா கேட்டருகே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு செத்தாங்களே, அதத்தான் படிக்க வந்திருக்கீங்களா மேடம்?" கௌசர் கேட்டாள்.

"ஆமாக்கா."

"முனியம்மா என் தோஸ்த்து. ஆம்புலன்ஸ்ல ஒரு பொண்ணு வந்துச்சு. மூஞ்சில மாஸ்க்கு. முனியம்மா கழுத்துல ஒரு கறுப்பு அட்ட கட்டிட்டுப் போய்ட்டுது. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? அடுத்த வண்டில மொதல்ல ஏத்துறதுக்கு டோக்கன்னு நெனச்சேன். யாராச்சும் அவுத்துடப் போறாங்கன்னு, அத புடிச்சினே உக்காந்திருந்தேன்."

ஹேமலதா தண்ணீர் பாட்டிலை மூடினாள். "எவ்ளோ நேரம்?"

"அடுத்த வண்டி வர்ற வரிக்கும். மொதல்ல கை வெதுவெதுன்னுதான் இருந்துச்சு மேடம். அப்புறம்தான்..."

உள்ளிருந்து விசில் ஊதினார்கள். தேர்வு தொடங்கிவிட்டது.

ஷெட்டுக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தது. ஓட்டைத் தகரத்தின் வழியாக வெயில் அங்கங்கே விழுந்தது. தோல் சுற்றும் பெரிய மர டிரம்கள் இருபுறமும் அசையாமல் நின்றன. மாணவிகள் நன்றாகவே முனகினார்கள். ஹேமலதா வேகமாக வேலை பார்த்தாள். சிவப்பு. மஞ்சள். பச்சை. மஞ்சள். சுந்தரமூர்த்தி கையில் தாளுடன் பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார்.

ஏழாவது மாணவிக்கு மஞ்சள் அட்டையை மாட்டி நிமிர்ந்தபோது, கடைசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல.

அங்கே போனாள்.

தொட்டியின் விளிம்பருகே ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தொட்டி காய்ந்து வெடித்துப்போய் இரண்டு வருடமாகிறது.

நன்றாகத்தான் வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள்.

பிறகுதான் உறைத்தது. வாடை நின்றுவிட்டது.

காலையிலிருந்து தொண்டைவரை அடைத்துக்கொண்டிருந்த நாற்றம், யாரோ துடைத்துவிட்டதுபோல இல்லாமல் போயிருந்தது. அவள் படித்திருக்கிறாள். அந்த வாயு அதிகமாகும்போது மூக்கு முதலில் செத்துப்போகும். நாற்றம் நின்றால் ஓட வேண்டும்.

கால் நகரவில்லை.

அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏற்கெனவே ஓர் அட்டை இருந்தது. கறுப்பு. நூலுக்குப் பதில் கட்டுத்துணியைக் கிழித்து முடிந்திருந்தது. அன்று நூல் தீர்ந்துபோய் ஹேமலதாதான் அப்படி முடிந்தாள். அட்டையில் நேரம் எழுதியிருந்தது. பதினொன்று நாற்பது. அவளுடைய கையெழுத்து.

மண்டியிட்டாள். மூக்கருகே கன்னத்தை வைத்தாள். மூச்சில்லை. தலையை நிமிர்த்தினாள். தாடை சில்லென்றிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று...

பத்து.

"இன்னொரு தடவ பாரும்மா."

உதடு அசையவில்லை. ஆனால் குரல் அங்கிருந்துதான் வந்தது. கோபமில்லாத குரல். கடைக்காரரிடம் எடையைச் சரிபார்க்கச் சொல்வதுபோல, சாதாரணமாக.

ஒத்திகை என்பதால் மூச்சுப் பையைக் கொண்டுவரவில்லை. ஹேமலதா அவள் மூக்கை அழுத்திப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஊதினாள். கண்ணீர் அந்த முகத்தில் சொட்டியது. "வந்துடுங்க, வந்துடுங்க" என்று ஊதலுக்கு நடுவே கெஞ்சினாள். யாரோ தூரத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிறுத்தவில்லை.

பன்னிரண்டாவது முறை அவள் ஊதுவதற்கு முன்பே அந்த நெஞ்சு தானாக ஏறியது.

ஒரு மூச்சு வெளியே வந்தது.

வெற்றிலையும் சுண்ணாம்பும் மணக்கும் ஈர மூச்சு. நேராக அவள் வாய்க்குள் வந்தது. தொண்டையில் இறங்கியது. நெஞ்சுக்குள் போய் நின்றது.

"ஹேமலதா! யாருக்கு மூச்சு குடுக்குறீங்க?"

சுந்தரமூர்த்தி அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். கீழே வெறும் சிமெண்ட் தரை. அவள் உதட்டில் தோல் உரிந்து ரத்தமும் புழுதியும் ஒட்டியிருந்தன. நாற்றம் திரும்பிவந்து முகத்தில் அறைந்தது.

வெளியே நிழலில் உட்காரவைத்து அவர் தாளைக் காட்டினார். "நாலு நிமிஷம் வீணாப் போச்சு. மூணு பேர நீங்க பாக்கவே இல்ல. அதுல ரெண்டு பேர் சிவப்பு. கணக்குப்படி அவங்க செத்துட்டாங்க. உங்கள ஃபெயில்தான் போடணும். அன்னைக்கு இருந்த தெளிவு எங்கம்மா போச்சு?"

"அன்னைக்கு செஞ்சதுதான் சார் தப்பு. அந்த அம்மா பொழச்சிருப்பாங்க. நீங்க நடத்துன பாடம்தான்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "விதிப்படி அன்னைக்கு நீங்க செஞ்சது சரி. வேணும்னா ஆய்வுக் கட்டுரையா எழுதுங்க, நல்லா வரும். பேரு, ஊரு மட்டும் போடாதீங்க" என்றார்.

எல்லோரும் பேருந்தில் ஏறிய பிறகு ஹேமலதா கேட்டருகே போனாள்.

"அக்கா, அந்த ஆம்புலன்ஸ் பொண்ணு நான்தான்."

கௌசர் அவளைப் பார்த்தாள். உரிந்த உதட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஹேமலதா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கௌசர் சங்கிலியை எடுத்துக் கேட்டில் சுற்றத் தொடங்கினாள்.

"வண்டி காத்துனு இருக்குது மேடம். போங்க. வண்டில எடம் கெடச்சவங்க போய்னே இருக்கணும்."

மறுநாள் பகல், கல்லூரியின் பயிற்சி அறை. மூடிய ஷெட்டில் மயக்கம் வந்திருக்கலாம், நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு அறிக்கை எழுதிக் கொடுங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவளோடு படிக்கும் டாக்டர் சுஹேல் அகமது ஸ்டெதாஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தான்.

"நல்லா இழுங்க அக்கா. விடுங்க. மறுபடியும். சரி, இப்ப மூச்ச நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

எதிர்ச்சுவரில் கடிகார முள் நகர்ந்தது. ஐந்து நொடி. பத்து நொடி.

"நிறுத்துங்கன்னு சொன்னேன் அக்கா."

அவள் கையைத் தூக்கி மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக் காட்டினாள். சுஹேல் ஸ்டெதாஸ்கோப்பை இடப்பக்கம் நகர்த்தினான். வலப்பக்கம் நகர்த்தினான். மறுபடியும் இடப்பக்கமே கொண்டுவந்தான்.

காதிலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினான்.

ஹேமலதா மூச்சை அடக்கியபடியே அதை வாங்கிக் காதில் மாட்டி, தன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு. நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல்.