மயிலுக்கு ஒரு கிரகம்

சுரேந்திரன் ஒளியை அணைத்துவிட்டான். ஆனாலும் கிரகம் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது.

போட்டோஷாப்பில் இது நடக்கிற காரியம் இல்லை. படத்தின் அடுக்கான ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மறையும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தக் கண்களைத் திறந்து மூடிப் பிழைப்பை ஓட்டுகிறவன் அவன். மூடிப் பார்த்தான், திறந்து பார்த்தான், மறுபடி மூடினான். கறுத்த வானத்தில் கிரகத்தைச் சுற்றி அந்த இளமஞ்சள் வளையம் போவேனா என்று நின்றது. கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில், ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையின் பரண்தான் அவன் வேலை செய்யும் இடம். ஜன்னல் கிடையாது. மதிய நேரம்தான், ஆனால் விடாமல் கொட்டிய மழையில் கீழ்வாசல் வழியாக ஏறிவரும் கொஞ்ச வெளிச்சமும் செத்துப்போய், தகரக் கூரையின் இரைச்சலும், பலகை இடுக்கு வழியே மேலே கசியும் மையின் காட்டமான நெடியும், மூலையில் எங்கோ சொட்டும் தண்ணீர்ச் சத்தமும் மட்டுமே அவனோடு இருந்தன. மெஷின் ஓட்டும் வெயிலுமுத்து சாப்பிடப் போயிருந்தான்.

இன்றைக்கு அவன் செய்வது சொந்த வேலை. சாயங்காலம் மகள் மயிலுக்கு முதல் பிறந்தநாள். அவன் மனைவி மாரீஸ்வரி செம்பூரில் யார் வீட்டு விசேஷத்திலோ பார்த்துவிட்டு வந்து, பிள்ளை ஒரு கிரகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி பேனர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏறாத கோயில் இல்லை என்று ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. மயிலுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இன்னொரு பிள்ளை கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

கிரகம் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு வட்டம் போட்டு, சந்துச் சுவரில் மழை ஊறி வெடித்த இடத்தைப் போனில் படமெடுத்து அதன்மேல் ஒட்டி, உருண்டையாகத் தெரியும்படி வளைத்து, ஒரு பக்கத்தை இருட்டாக்கி, கடைசியாகச் சுற்றிலும் ஒளி கொடுக்க வேண்டும். அந்த ஒளியைப் புதிதாகப் போட அவனுக்குச் சோம்பல். பழைய ஃபைல் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினான். அது கோகிலவாணியின் கண்ணீர் அஞ்சலி ஃபைல்.

செத்தவர்கள் தலையைச் சுற்றி ஒளி போடுவதில் தாராவியில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்பது அவன் நினைப்பு. அதிலும் கோகிலவாணிக்குப் போட்டதைப் பற்றி ரொம்பவே பீற்றிக்கொள்வான். அவள் நிறைமாதத்தில் செத்தவள். வயிற்றுப் பிள்ளையும் கூடவே போனது. அவளுடைய அம்மா முப்பிடாதியம்மாள் வளைகாப்புப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, மகள் மடியில் பிள்ளை இருக்கிற மாதிரி செய்யச் சொன்னாள். வயிற்றிலேயே செத்த பிள்ளைக்குப் படம் ஏது? எந்தப் பிள்ளையையாவது வையி தம்பி என்றாள். நெட்டில் கிடைத்ததெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள், கோகிலவாணியின் நிறத்துக்கு ஒட்டவில்லை. போனில் மயில் பிறந்த அன்றைக்கு எடுத்த படம் இருந்தது. அதை வெட்டி எடுத்துச் செத்தவள் மடியில் வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒளியாகக் கொடுத்தான். என்ன பொருத்தம் பார் என்று வெயிலுமுத்துவிடம் காட்டிச் சிரித்தான்கூட. தன் பிள்ளையைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற தகப்பனை என்ன சொல்ல.

முப்பிடாதியம்மாள் ஈரம் காயாத ஃப்ளெக்ஸில் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள்.

"எம்மவ மடி நெறஞ்சிட்டு தம்பி. இனும பிள்ளையத் தேடி அலைய மாட்டா."

இதை அவன் மாரீஸ்வரியிடம் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனான்.

இப்போது நினைவு வந்தது. மறுபடி அந்தக் கண்ணை மூடினான். ஒளி கூடியது.

மையின் நெடிக்கு நடுவே சம்பங்கி மாலையின் வாசனை வந்தது. அதற்கும் அடியில், மார்பில் கட்டிக்கொண்டு யாரும் குடிக்காமல் புளித்த தாய்ப்பாலின் வாசனை. கோளாறு எங்கே என்று பார்க்கக் கிரகத்தைப் பெரிதாக்கினான். சுவரின் வெடிப்புகள் சுவரின் வெடிப்புகளாக இல்லை. வெளுத்து, மினுமினுத்து, கீழ்நோக்கி ஓடும் கோடுகள். நிறைமாதத்தில் மாரீஸ்வரியின் வயிற்றில் அவன் பார்த்த கோடுகள். உருண்டையின் உள்ளிருந்து ஒரு சின்ன மேடு எழும்பியது. மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. அடங்கியது.

பிறகு அது அசையவே இல்லை.

அப்போதுதான் கிரகத்தின்மேல் உட்கார்ந்திருந்த மயிலைப் பார்த்தான். கைகளை மடியில் வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் அது. இப்போது அவள் மேலே பார்த்தாள். இரண்டு கைகளையும் மேலே நீட்டியிருந்தாள். தூக்கு என்று கேட்கும்போது அப்படித்தான் நீட்டுவாள். போனை எடுத்து அதிலிருந்த அசல் படத்தைப் பார்த்தான். கைகள் மடியில்தான் இருந்தன.

அவள் படத்தை மவுஸால் பிடித்துக் கிரகத்திலிருந்து அப்பால் இழுத்தான். வரவில்லை. கிரகத்தை அழித்தான். ஒளி போகவில்லை. ஃபைலை மூடினான். போகவில்லை.

வயரைப் பிடுங்கினான்.

திரை கறுத்தது. வளையம் மட்டும் இருந்தது. அதற்குள் மயில் இல்லை.

மாரீஸ்வரிக்கு வீடியோ கால் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். புதுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அவள் முகம் பாதித் திரையை அடைத்தது.

"லைட்டு போயிட்டு. நீங்க எப்ப வாரிய? பேனரு முடிஞ்சிட்டா?"

அவள் தோளுக்குப் பின்னால், இருட்டு அறையில், பாய்மேல் மயில் இருந்தாள். அவளைச் சுற்றி இளமஞ்சள் வளையம்.

பின்னால் என்ன வெளிச்சம் என்று கேட்டான். வெளிச்சமா, இங்கே ஒன்றும் இல்லையே என்று அவள் சிரித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. போனில் தெரியும் தன் நெற்றிப்பொட்டைச் சரிசெய்தாள்.

"மாரி, பிள்ளையத் தூக்கு. இப்பவே தூக்கு."

"ஹலோ? ஒண்ணும் கேக்கல. மழை பெய்யுதுல்லா."

மயில் எழுந்து நின்றாள். மேலே பார்த்துச் சிரித்தாள். கைகளை நீட்டினாள். புதுக் கவுனின் அக்குள் பக்கம் இரண்டிலும் துணி சுருங்கியது, யாரோ பிடித்தது போல.

அவன் கத்தினான். மாரீஸ்வரி காதை போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

மயிலின் குதிகால் பாயை விட்டு எழும்பியது. பிறகு விரல்கள்.

நெட் நின்றது. படம் அப்படியே உறைந்தது. முன்னால் மாரீஸ்வரியின் சிரித்த முகம். அவள் தோளுக்கு மேலே, கொலுசு போட்ட இரண்டு சின்னப் பாதங்கள்.