கோவில்பதாகையில் காணாமல் போன குழாய்கள்

மூன்று மணிக்குத் திறப்பு விழா. இரண்டு மணிக்கு, கோவில்பதாகைப் பள்ளியில் மாணவிகளுக்காக வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய கழிவறையில் ஒரு குழாய்கூட இல்லை. கதவுப் பூட்டு உடையவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ரேவதி வெயிலில் வந்து இறங்கினார். "மொதல்ல முகம் கழுவிக்குங்க மேடம்" என்று தலைமையாசிரியை கிருஷ்ணப்பிரியா ஆசிரியர் கழிவறையைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஜில்லென்று கொட்டியது.

அறக்கட்டளைச் செயலாளர் கங்காதரன், விழா தொடங்கும் முன்பே பொன்னாடை போர்த்தியிருந்தார். "சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு வாட்ச்மேன் ஜெகன்கிட்ட. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"எம் பொண்ணும் இங்கதான் படிச்சிகினு கீது மேடம். அது போற எடத்துல நானே கொயாவப் புடுங்குவனா?" என்றான் ஜெகன்.

"ஜீப்ல ஏத்துங்க" என்றார் ரேவதி. வராந்தாவில் நின்ற அவன் மகள் ஸ்வாதி பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தண்ணீர் பாட்டில், நிரம்பியபடி.

"மத்தியானம் ஆச்சு, ஒரு வாய்கூடக் குடிக்கலியா?" என்று கேட்டார் ரேவதி.

"குடிச்சா போகணும்ல மிஸ்."

ரேவதி கழிவறைக்குள் போனார். தரையெங்கும் சிமெண்ட் தூசி. அதில் அவர் பூட்ஸ் தடம் பதிந்தது.

"இதுல தண்ணி வந்துச்சா சார்?"

"என்ன கேள்வி இது! நேத்து நானே டேங்க்கை ரொப்பி, ஒவ்வொரு குழாயா தொறந்து பார்த்தேன். அருவி மேடம், அருவி!"

ரேவதி, குழாய் இருந்த சுவர் ஓட்டையில் பேனாவை விட்டார். செங்கல் இடித்தது.

"ஜெகனை இறக்கிவிடுங்க" என்றார். "அருவி கொட்டின இடத்துல தூசிகூட நனையல சார். பின்னாடி பைப்பே கிடையாது. விருந்தாளி குழாயைத் திருகினா மானம் போயிடும். அதான் திருடன் ஒருத்தனைத் தயார் பண்ணிட்டீங்க. கார் சாவியைக் குடுங்க."

டிக்கியில் குழாய்கள் இருந்தன, விருந்தினருக்கான பொன்னாடைகளில் பத்திரமாகச் சுற்றி.

"கட்டும்போதே எனக்குத் தெரியும்" என்றார் கிருஷ்ணப்பிரியா, தரையைப் பார்த்து. "வெளியே சொன்னா இந்த வெறுங் கட்டடமும் வராதுன்னாரு செயலாளர்."

"இத்தனை நாளா பொண்ணுங்க எங்க டீச்சர் போனாங்க?" கத்தத்தான் வாயெடுத்தார் ரேவதி. முகத்தில் ஆசிரியர் கழிவறை சோப்பு இன்னும் மணத்தது. குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சாவியைக் குடுங்க."

ஆசிரியர் கழிவறை முன் தொடங்கிய வரிசை வாசல் தோரணம் வரை நீண்டது. வேன் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர்கள், பிள்ளைகள் தங்களை வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்க் கையசைத்தார்கள்.

ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை, இடம் போய்விடுமே.