வெறுங்கொக்கியின் எடை

பழைய ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் போன மறுவாரம், அந்த டவர் கிரேனில் அவன் வேலைக்குச் சேர்ந்தான். காலைப் பனிமூட்டத்தில் ஏணியேறி, கேபின் தரையிலிருந்த மூடியைத் தள்ளி உள்ளே நுழைந்து, மறுபடி சாத்தினான். ஏறவும் இறங்கவும் அந்த ஒரே வழிதான். உள்ளே யாருடையதோ பழைய வியர்வை வாடை.

பாரத்தின் எடை காட்டும் திரையருகே ஒரு சாவி செருகியிருந்தது. அதைத் திருப்பினால் எச்சரிக்கை மணி அடிக்காது. அளவுக்கு மீறிய பாரத்தையும் கிரேன் வாய்மூடித் தூக்கும். எல்லா சைட்டிலும் நடக்கிற கள்ளத்தனம். அவனும் செய்தவன்தான், யோக்கியன் ஒன்றுமில்லை.

கொக்கியில் இன்னும் எதுவும் மாட்டவில்லை. திரை 64 கிலோ என்றது.

பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கீழே மூட்டத்துக்குள், அவனுடைய தங்கை புருஷன் கான்கிரீட் பலகையைக் கொக்கியில் மாட்டினான். கொக்கி கிரேனிலிருந்து அவ்வளவு தள்ளி நிற்கையில் இரண்டரை டன்தான் தூக்கலாம். பலகை மூன்று டன். "ஒரே ஒரு தடவைதானே, சாவியைத் திருப்பித் தூக்கிடு" என்று இன்ஜினியர் காலையிலேயே அவசரப்படுத்தியிருந்தார்.

அவன் சாவியில் கை வைத்தான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "திருப்பாதீங்கண்ணே. கீழ நான் நிக்கிறேன்."

"ஏன் மாப்ளே, மச்சான் எப்ப அண்ணன் ஆனேன்?" என்று சிரித்தான்.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. தங்கை புருஷன். "மச்சான், என் வாக்கி செத்துக் கிடக்கு. போன்லயே பேசுவோம். தூக்குங்க."

அவன் வாக்கிடாக்கியைத் திரும்பிப் பார்த்தான்.

வாக்கிடாக்கி கிசுகிசுத்தது. "போன தடவையும் ஒரே ஒரு தடவைன்னுதாண்ணே திருப்புனீங்க. கம்பி அறுந்துச்சு. நான் கத்துனது உங்களுக்குக் கேக்கல."

போன தடவை இந்த இருக்கையில் இருந்தவன் பழைய ஆபரேட்டர். ஈர சிமெண்ட் வாடை கேபினை நிறைத்தது.

"மாப்ளே! பலகையைக் கழட்டிட்டுத் தள்ளிப் போ!" அவன் அலறினான். சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான். இன்ஜினியர் போனை வாங்கித் திட்டித் தீர்த்தார். "வேலையை விட்டு அனுப்புங்க சார். இதை நான் தூக்க மாட்டேன்" என்றான் அவன்.

பலகையைக் கழற்றினார்கள். மூட்டம் கலைந்தபோது, தங்கை புருஷன் தூரத்தில் கைகட்டி நிற்பது தெரிந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொக்கியைக் கேபின் உயரத்துக்கு இழுத்து, உற்றுப் பார்த்தான். அதில் ஒன்றுமே இல்லை.

திரையில் 64.

பிறகு, பூஜ்யம்.

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான்.

காலடியில், மூடியைக் கீழிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"கொக்கிய விட்டு இறங்கிட்டேண்ணே. திறங்க."